ஏறும்போது பேசியவர்

ஜூன் 4

கல்லுளிமங்கனாகிய என் வீட்டுக்காரருக்கு,

நலம். நலமா? இந்த இரண்டையும் நானே முதலில் எழுதித் தீர்த்துவிட்டேன். பதில் கடிதத்தில் அதையே எழுதி நீங்கள் தாளை நிரப்ப முடியாது.

மேலே டவர் கிடைக்காதது உங்களுக்கு எவ்வளவு வசதி! டவர் இருந்தால் நான் போன் போடுவேன், நீங்கள் ‘ம்’ என்பீர்கள், கட் ஆகிவிடும். அதற்குக் கடிதமே மேல். பால் வண்டிக்காரர் சலிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார். என்ன, கடையில் நின்றுகொண்டு, “என்ன அக்கா, இன்னிக்கு உறை கனமா இருக்கு, திட்டு ஜாஸ்தியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலா ஆபீஸில் வேலை பார்க்கும் பெண், வாரம் ஒரு முறை நம் கடைக்குத்தான் சட்டை தேய்க்கக் கொடுப்பாள். நேற்று வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் குரல் என்ன குரல் அக்கா! ஒரு மணி நேரம் பேசியிருக்கார். கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

“நீ வேற யாரையோ சொல்றே. என் வீட்டுக்காரர் ரோடு மேஸ்திரி. அவருக்கு மொத்தமே நாலு வார்த்தைதான். ம், சரி, பார்க்கலாம், தண்ணி.”

“ஐயோ, அவரேதான் அக்கா!”

அப்புறம் அவள் விளக்கமாகச் சொன்னாள். மலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள், கீழேயே ஆபீஸில் வழிகாட்டும் ஆப் ஒன்றைச் செல்போனில் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். கூட ஆள் வேண்டாம், கைடு வேண்டாம். வண்டி எந்த வளைவுக்கு வருகிறதோ, அந்த வளைவின் கதையை உங்கள் குரல் தானாகவே சொல்லுமாம். கேட்டுக்கொண்டிருந்த நான் இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்திலேயே மறந்துவிட்டேன். ஓட்டல்காரரின் தலையணை உறை ஒன்று பொசுங்கிப் போயிற்று. அந்தப் பாவம் உங்களைச் சேரட்டும்.

நம் பெண்ணைக் கட்டிக் கொடுத்த அன்று சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் பேசியது ‘சரி’ என்ற ஒரே ஒரு சொல். இப்போது போகிற வருகிற காரில் எல்லாம் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறீர்களாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

இன்னொன்று. ஆகஸ்டோடு உங்களுக்கு வேலை முடிகிறது. மேலே ரெஸ்ட் ஹவுஸில் காவல் வேலைக்கு உங்களைக் கேட்டிருக்கிறார்கள், தங்க அறையும் தருகிறார்கள் என்று பால் வண்டிக்காரர் சொன்னார். பாலுக்குத் தெரிந்தது பாரியாளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் மலையில் இருந்தது போதாதா? வேலை முடிந்தால் வீட்டுக்கு வருகிறீர்களா, இல்லை அங்கேயே இருந்துவிடப் போகிறீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லொடலொடப் பெட்டி


ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

ரெஸ்ட் ஹவுஸ் வேலைக்குக் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. பார்க்கலாம்.

இங்கே மழை. ஒன்பதாவது வளைவில் கொஞ்சம் மண் சரிந்தது. அள்ளிவிட்டோம்.

தலையணை உறைக்கு வருந்துகிறேன்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 21

அள்ளிவிட்டோம் என்று எழுதிய மகராசருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது, ஊற்றிய டீ இன்னும் ஆறவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் ‘பார்க்கலாம்’. எதை, எப்போது, யார் பார்ப்பது? சரி, இவரைக் கேட்டுப் பயனில்லை, செல்போனுக்குள் இருக்கிறவரையே கேட்டுக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்பிவிட்டேன் என்றால் பஸ்ஸில் இல்லை. கார். ஆமாம், என் கார். ஓட்டியதும் நானே. நீங்கள் போன தடவை வந்து போன பிறகு, விடுதிகளுக்கு மூட்டை கொண்டுபோகப் பழைய வண்டி ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வெள்ளை நிறம், ஒரு கதவு மட்டும் நீலம். வாயைப் பிளக்காதீர்கள், குளிர்காற்று உள்ளே போய்விடும்.

ஆபீஸ் பெண்ணே ஆப்பை ஏற்றிக் கொடுத்து, செல்போனை முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். சுங்கச்சாவடியைத் தாண்டினேன், மரப்பாலம் வந்தது. திடீரென்று, “வணக்கம். நான் இந்த ரோட்டில் வேலை செய்கிறவன். மெதுவாகவே போங்கள், மலை எங்கேயும் ஓடிவிடாது” என்று ஒரு குரல். என் கை ஸ்டியரிங்கை விட்டே விட்டது. நீங்கள்தான்! பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். போர்வை மூட்டை உட்கார்ந்திருந்தது.

முதல் வளைவு முழுக்க நான் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன் என்றால் நம்புவீர்களா? நம்புவீர்கள். நீங்கள், “இடது பக்கம் பாருங்கள், அருவி தெரிகிறதா?” என்கிறீர்கள். நான், “எங்கீங்க தெரியுது, ஒரே மூடுபனியா இருக்கே” என்கிறேன். கொஞ்சம் இடம் விட்டு நீங்கள் சொல்கிறீர்கள்: “மூடுபனியாக இருந்தால் பரவாயில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். தண்ணீர் சத்தம் வரும்.” இறக்கினேன். வந்தது. கல்யாணம் ஆன நாள் முதல் இன்றைக்குத்தான் நான் சொன்னதற்கு நீங்கள் சரியாகப் பதில் சொன்னீர்கள். அதுவும் நான் சொல்வதற்கு முன்னாலேயே பதிவு செய்து வைத்த பதில்.

நாலாவது வளைவில் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னீர்களே. மூன்று தடவை கட்டி மூன்று தடவையும் மழையில் விழுந்தது, நாலாவது தடவை கல்லுக்குக் கல் ஓட்டை விட்டுக் கட்டினோம், உள்ளே சேர்கிற தண்ணீர் வெளியே வர வழி கிடைத்ததும் அசையாமல் நிற்கிறது என்று. எனக்கு அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. எப்படித் திரும்பக் கேட்பது என்று தெரியவில்லை. செல்போனைத் தொட்டால் நின்றுவிடுமோ என்று பயம். அந்த வளைவுக்கு வந்தால்தானே பேசுகிறீர்கள்? சரி என்று காரைத் திருப்பிக் கீழே போய் மறுபடியும் ஏறினேன். மறுபடியும் பேசினீர்கள். ஆசை விடவில்லை, இன்னொரு தடவை போனேன். மூன்றாம் தடவை ஒரு லாரிக்காரர் வழியை மறித்து நிறுத்தினார்.

“என்னம்மா, வழி தெரியலையா? இதே வளைவுல சுத்திச் சுத்தி வர்றீங்க?”

“வழி தெரியுது அண்ணே. எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டிருக்கார், அதான்.”

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். போர்வை மூட்டையைப் பார்த்தார். லாரியைப் பின்னால் எடுத்து எனக்கு வழி விட்டார். நல்ல மனிதர்.

பத்தாவது வளைவில் காரை ஓரம் கட்டச் சொன்னீர்கள். கட்டினேன். “இங்கிருந்து கீழே ஊர் தெரியும். சாயங்காலம் விளக்கு ஒவ்வொன்றாக எரியும். வேலை முடிந்ததும் நான் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்காருவேன்” என்றீர்கள். இறங்கிப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. ஊர் தீப்பெட்டி அளவு இருந்தது. நம் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தேன், தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்து. எந்த விளக்கைப் பார்ப்பேன் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. பதிவு செய்தபோது ஆபீஸ் பெண் கேட்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அப்புறம் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். என் வாய் விடாது, தெரியுமே.

கடைசி வளைவு திரும்பியதும் உங்கள் குவார்ட்டர்ஸ் தெரிந்தது. நீங்கள் வாசலில் நின்றீர்கள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் உங்களைச் சுற்றி நின்றது. நீங்கள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனேன். நான் போய் நின்றால் அந்தக் கை இரண்டும் கீழே இறங்கிவிடுமே என்று பட்டது. ‘ம், வா, டீ குடிக்கிறியா’ என்பீர்கள். அவ்வளவுதான் இருக்கும்.

திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இறங்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போன் கெட்டுப் போச்சா என்று தட்டிக்கூடப் பார்த்தேன். இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் பதிவு செய்யவில்லை என்று அப்புறம்தான் ஆபீஸ் பெண் சொன்னாள். ஏறும்போது அவ்வளவு பேச்சு, இறங்கும்போது வெறும் என்ஜின் சத்தம். மரப்பாலம் வரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. இது உலக அதிசயம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளைக் கார், நீலக் கதவு


ஜூன் 28

அன்புள்ள உனக்கு,

அந்தக் காரைப் பார்த்தேன். நீலக் கதவு. யாரோ சலவைக்காரர்கள் வழி தவறி வந்து திரும்புகிறார்கள் என்று நினைத்தேன். நீ என்று தெரியவில்லை. நீ கார் ஓட்டுவாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்தார் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். பழையது மண்சரிவில் போய்விட்டது, புதியது மேட்டுக்கு அந்தப் பக்கம், வழியில் குரங்கு இருக்கும், கையில் தின்பண்டம் இருந்தால் பிடுங்கும் என்று சொன்னேன். அதற்குத்தான் கையை ஆட்டினேன்.

நான் எப்படி அவ்வளவு பேசினேன் என்று உனக்கு ஆச்சரியம். எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். முதலில் ஆபீஸிலிருந்து எழுதிக் கொண்டுவந்தார்கள். அதைப் படிக்க எனக்கு வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்தப் பெண் தாளை மடித்து வைத்துவிட்டு, “அண்ணே, இந்தச் சுவரு எப்ப கட்டினது?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நான் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எனக்கு வந்தது. நான் யோசித்த நேரத்தை எல்லாம் பின்னால் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்கிறவர்களுக்கு நான் சரளமாகப் பேசுகிறவன் போலத் தோன்றுகிறது.

சும்மா விட்டால் எனக்கு வருகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை.

ரெஸ்ட் ஹவுஸ் விஷயம். போன தடவை வீட்டுக்கு வந்தபோது என் கட்டில் மேல் போர்வை மூட்டைகள் இருந்தன. அலமாரியில் ஓட்டல் துண்டுகள். என் சட்டை மாட்டும் ஆணியில் பில் புத்தகம். நான் பெஞ்சில் படுத்தேன். காலையில் பஸ் ஏறினேன். வீடு கடை ஆகிவிட்டது, நன்றாக நடக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு எங்கே இடம் என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்க வரவில்லை. அதனால்தான் அவர்களிடம் மாட்டேன் என்று சொல்லாமல் இருக்கிறேன்.

எஞ்சினியர் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்


ஜூலை 1

மலையை அள்ளுகிற மேஸ்திரிக்கு,

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். டீ குடிக்க வந்த பால் வண்டிக்காரர் பயந்துபோய் டீயை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

லாரி லாரியாக மண் சரிந்தால் விடிவதற்குள் அள்ளி ரோட்டைத் திறந்துவிடுகிற மனிதர், நாலு போர்வை மூட்டைக்கு முன்னால் தோற்றுப் போனீர்களா? எடுத்துக் கீழே வைக்கக் கை இல்லையா? ‘இது என்னடி என் கட்டில்ல?’ என்று ஒரு அதட்டல் போட வாய் இல்லையா? பெஞ்சில் காலை மடக்கிப் படுத்திருந்தீர்களே, அன்றைக்கு நான் எழுந்து வந்து பார்த்தேன். ‘மனுஷனுக்கு உள்ளே வந்து படுக்கக்கூடப் பிடிக்கவில்லை, ஒரு ராத்திரி கூலிக்கு வந்த மாதிரி வாசலுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உலகத்து விஷயம் எல்லாம் பேசுகிற நான், அதை மட்டும் பேசவில்லை.

இன்னும் மூன்று பக்கம் வருகிறது எனக்கு. விரல் துடிக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பெண் செய்ததை நான் செய்ய மாட்டேனா?

கையெழுத்தை இங்கேயே, நடுவிலேயே போட்டுவிடுகிறேன். இப்படிக்கு, உங்கள் மனைவி.

இனி ஒரே ஒரு கேள்வி. அதற்குக் கீழே இந்தத் தாள் முழுவதும் காலியாக விடுகிறேன். கிண்டல், நையாண்டி, ‘என்ன பதிலே காணோம்’ என்று இன்னொரு கடிதம், ஒன்றும் வராது. நீங்கள் யோசிக்கிற வரைக்கும் நான் சும்மா இருப்பேன். செத்தாலும் சரி.

நீங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?


ஜூலை 5

நீ விட்ட இடத்திலேயே எழுதுகிறேன். தாள் தீர்ந்தால் பின்பக்கம்.

இதை முதல் நாளே எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே இல்லை. பத்தாவது வளைவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் எழுதவில்லை. விளக்குகள் எரிந்தன. பார்த்தேன். இன்று காலையில் வருகிறது.

எந்த விளக்கைப் பார்ப்பேன் என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். கடை விளக்கு. தண்ணீர்த் தொட்டிக்கு வலது பக்கம், மற்றதைவிட வெள்ளையாகத் தெரியும். மற்ற கடைகள் அடைத்த பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும். அப்போது எனக்கு, ஓட்டல்காரன் மறுபடியும் கடைசி நேரத்தில் துணி அனுப்பிவிட்டான், இவள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று தோன்றும். உன் விளக்கு அணைந்த பிறகுதான் நான் எழுந்து போவேன். இது ஆறு வருஷமாக. மழை நாளில் தெரியாது. மழை நாளில் எனக்குத் தூக்கம் சரியாக வராது.

இதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்வதற்கு ஒரு விஷயமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று எஞ்சினியரைப் பார்த்தேன். ரெஸ்ட் ஹவுஸுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். “ஏன் மேஸ்திரி, நல்ல அறை, ஜன்னலைத் திறந்தா முழுப் பள்ளத்தாக்கும் தெரியுமே?” என்றார். “தெரியும் சார். தூரத்துல இருந்து பார்த்தது போதும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அவரிடம் இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசியதில்லை.

நான் கீழே வருகிறேன். உன்னோடு இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. மூட்டை எடுப்பது, விடுதிகளுக்குக் கொண்டுபோவது என்று வேலை இருந்தால் சொல். இல்லாவிட்டாலும் வருகிறேன்.

சுற்றுலா ஆபீஸ் பெண் வந்திருந்தாள். இறங்குகிறவர்கள் எல்லாரும் உன்னைப் போலவே கேட்கிறார்களாம், ஏறும்போது பேசினவர் இறங்கும்போது ஏன் பேசவில்லை என்று. இறக்கத்துக்கும் பதிவு செய்ய வேண்டும் என்கிறாள். ஆகஸ்ட் கடைசி நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அன்று என் டிரங்குப் பெட்டியும் இறங்க வேண்டும். ஆபீஸ் ஜீப் அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம், எனக்கு வண்டி வரும் என்றேன். வரும்தானே?

அவள் மைக்கோடு பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளட்டும். நீ ஓட்டு. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதே, சூடாகிவிடும். இரண்டாவது கியரில் விடு, வண்டி தானாக அடங்கி வரும். மழை பெய்திருந்தால் ஒன்பதாவதில் உள்பக்கம் ஒட்டிக்கொள்.

பின்பக்கமும் முடியப் போகிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். தப்பாக இருந்தால் சிரிக்காதே.

நீ எப்படிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முதல் நாள் பயமாக இருந்ததா? அந்த நீலக் கதவு எப்படி வந்தது?

கடிதத்தில் எழுதாதே. அன்று இறங்கும்போது சொல். வளைவுகளை நான் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். மீதி வழி முழுக்க நீ பேசு. நான் சும்மா கேட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்